இறந்தாலும் ஆயிரம் பொன்னா?

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

“யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்” என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்வாண்டு எங்கள் வகுப்பில் நடந்த பட்டிமன்றத்தில் இப்பழமொழியைக் கூறித்தான் நான் கைதட்டல் பெற்றேன். “கென்ய நாடு யானைத் தந்தங்களை எரித்தது சரியா, தவறா?” என்பது தலைப்பு. “தவறே” என்று வாதாடிய எங்கள் அணிக்கு வெற்றி. எனக்குப் பரிசாக ஒரு பேனாவும் கிடைத்தது. ஆனால் அன்று நான் பேசியது பிழை என்று இன்று எண்ணுகிறேன். அதை ஒப்புக்கொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

1970களின் தொடக்கத்தில் கென்யாவில் ஏறத்தாழ 1,67,000 யானைகள் இருந்தன. 1989ஆம் ஆண்டில் இருபதாயிரம்கூட எஞ்சவில்லை. பெரும்பாலானவை தந்தத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டன. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் குடியரசுத் தலைவர் டேனியல் அராப் மோய், நைரோபி தேசியப் பூங்காவில் 12 டன் தந்தத்துக்குத் தீ வைத்தார். 2016 ஏப்ரல் 30 அன்று அதே பூங்காவில் 105 டன் தந்தம் எரிக்கப்பட்டது.

“வளரும் நாடு இவ்வாறு செல்வத்தை வீணாக்கலாமா? விற்றிருந்தால் எத்தனை பள்ளிகள் கட்டியிருக்கலாம்! எரித்ததால் இறந்த யானை எழுந்து வந்துவிட்டதா?” என்று நான் மேடையில் முழங்கினேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேனாவைக் காட்டினேன். அவர் பாத்திரக் கடை வைத்திருப்பவர். “ஏம்மா, திருட்டுப் பாத்திரத்தை மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லையே, ஏன் தெரியுமா? இன்றைக்கு நான் ஒரு குடத்தை வாங்கினால், நாளைக்கு இன்னொரு வீட்டில் குடம் காணாமல் போகும்” என்றார். அதன்பின் எனக்கு வெற்றியின் மகிழ்ச்சி இல்லை. நூலகத்தில் தேடிப் படித்தேன்.

தந்தம் என்றாலே பல் என்றுதான் பொருள். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு யானையின் மண்டை ஓட்டுக்குள் புதைந்திருக்கிறது. அதனை முழுவதுமாக எடுக்க விரும்புகிறவன் யானையைக் கொன்று முகத்தை வெட்டுகிறான். கடைக்கு வந்த தந்தத்தைப் பார்த்து, இது இயற்கையாக இறந்த யானையுடையதா, சுடப்பட்ட யானையுடையதா என்று கண்ணால் கூற இயலுமா? திருட்டுச் சரக்கு நல்ல சரக்கோடு கலந்துவிடும் அன்றோ!

1989ஆம் ஆண்டில் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்ய உலக நாடுகள் முடிவு செய்தன. ஆயினும் 2008ஆம் ஆண்டில் போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே ஆகிய நான்கு நாடுகள் தம்மிடம் இருந்த 100 டன்னுக்கும் மேற்பட்ட தந்தத்தைச் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் விற்க ஒரு முறை அனுமதி அளிக்கப்பட்டது. கிடைத்த தொகை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர். ஆனால் 2007 முதல் 2014 வரை ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் ஏறத்தாழ 1,44,000 யானைகள் குறைந்துவிட்டன என்று 2016இல் வெளிவந்த கணக்கெடுப்பு கூறுகிறது. அந்த ஒரு விற்பனையே இதற்கு முழுக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாங்குவோர் இருக்கும்வரை காட்டில் துப்பாக்கி ஓயாது என்பதில் ஐயமில்லை.

நம் அருகிலும் இதே கதைதான். ஆசிய யானைகளில் ஆண் யானைக்கே நீண்ட தந்தம் உண்டு. அதனால் ஆண் யானைகளே வேட்டைக்குப் பலியாயின. கேரளத்தின் பெரியாறு காட்டில் ஒரு காலத்தில், வளர்ந்த ஆண் யானை ஒன்றுக்கு ஏறத்தாழ நூறு பெண் யானைகள் என்ற நிலை ஏற்பட்டது. அக்காட்டில் கன்றுகள் எப்படிப் பெருகும்?

“ஏழைகளை மறந்துவிட்டாயா?” என்று என் அணித் தோழியர் கேட்கக்கூடும். மறக்கவில்லை. யானை மிதித்த வயலுக்கு உரியவருக்குத் தக்க இழப்பீடு தரவேண்டும். காட்டோரத்தில் வாழும் மக்களுக்கு யானையால் வருவாய் கிடைக்க வழிசெய்ய வேண்டும். ஆனால் அந்த வருவாய் உயிருள்ள யானையால் வரட்டும். கென்யாவுக்கு ஆண்டுதோறும் வெளிநாட்டினர் வருவது, தந்தச் சிலையைப் பார்க்க அன்று, யானையைப் பார்க்கவே. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே 36,280 யானைகள் உள்ளன. தந்தத்தை எரித்த நாடு யானையை இழக்கவில்லை என்பதை இவ்வெண்ணிக்கை காட்டுகிறது.

சீனாவும் 2017ஆம் ஆண்டின் இறுதியில் தன் நாட்டுக்குள் நடந்த தந்த வணிகத்துக்குத் தடை விதித்தது. எனவே மாற்றம் இயலாதது அன்று.

அன்புத் தோழியரே! துப்பாக்கி ஏந்திய வேடனை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் தந்த வளையலையும் தந்தச் சீப்பையும் கண்டு “எவ்வளவு அழகு!” என்று வியப்பதை நாம் நிறுத்தலாம், யாரேனும் விற்க வந்தால் “வேண்டாம்” என்று சொல்லலாம். இறந்த யானைக்கு ஆயிரம் பொன் தர ஆள் இருப்பதால்தானே இருக்கும் யானை சாகிறது?

அடுத்த ஆண்டு இதே தலைப்பில் பட்டிமன்றம் நடந்தால், எனக்கு எதிரணியில் ஓர் இடம் தருமாறு வேண்டுகிறேன். பரிசுப் பேனாவைத் திருப்பித் தர மனம் வரவில்லை. ஆகவே இக்கட்டுரையை அந்தப் பேனாவாலேயே எழுதி முடித்தேன்.