மனைவிக்குத் துப்பாக்கி வாங்கும் கணவர்களுக்கு

டாலஸ் நகரின் வடக்குப் புறநகர் ஒன்றில் கை மறுவாழ்வு சிகிச்சையாளராக வேலை பார்க்கிறேன். கட்டைவிரல் மூட்டு தேய்ந்தவர்கள், மணிக்கட்டில் நரம்பு நசுங்கியவர்கள், எலும்பு முறிவுக்குப் போட்ட கட்டைப் பிரித்தவர்கள் என்னிடம் வருவார்கள். மறுபடியும் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்வோம். பாட்டில் மூடியைத் திறக்கணும், பேரப்பிள்ளையைத் தூக்கணும் என்பார்கள். டெக்சஸில் இன்னொரு பதிலும் வருகிறது. வீட்டுக்காரர் வாங்கித் தந்த துப்பாக்கியின் ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் நகரும் மேல்பாகத்தை, இழுக்க முடியவில்லை என்கிறார்கள்.

இப்போது அதைத் தமிழிலும் கேட்கிறேன். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே 21 வயது நிரம்பிய, சட்டத் தடை எதுவும் இல்லாத ஒருவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். குடியுரிமை பெற்று ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கம் வீடு வாங்கிய நம்மவர்களில் சிலர், வேலை நிமித்தம் வெளியூர் போகும்போது வீட்டில் தனியாக இருக்கும் மனைவியை நினைத்துக் கவலைப்படுகிறார்கள். கடைக்குப் போய், இருப்பதிலேயே சிறியதைப் பார்த்து வாங்கி வருகிறார்கள். "அவ கை சின்னது அக்கா, சின்னதா இருந்தாத்தான் வசதி" என்று என்னிடமே சொன்னவர் உண்டு. அந்த அக்கறை உண்மையானது. தேர்வுதான் தவறு.

ஒரே தோட்டாவை எடை குறைந்த துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் உதை கூடும். இப்படிச் சிறியதாக வாங்கும் துப்பாக்கிகளில் ஒன்றான ரூகர் எல்சிபி 2008இல் வந்தது. எடை சுமார் 270 கிராம். ஆண்கள் விரும்பி வாங்கும் கிளாக் 19 தோட்டா இல்லாமலே 600 கிராம் வரும். எல்சிபியின் தோட்டா வலுக் குறைந்ததுதான். ஆனாலும் அந்தச் சின்ன உடம்பு அதைத் தாங்காமல் உள்ளங்கையில் வெடுக்கென்று அடிக்கும். பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரலுக்கு இடம் கிடைக்காது. பிடிவலுவில் கணிசமான பங்கு மோதிரவிரலும் சுண்டுவிரலும் தருவது. அதில் ஒன்று காற்றில் தொங்கினால் மிச்சமிருக்கும் கை எவ்வளவுதான் தாங்கும்?

ஸ்லைடு விஷயம் இதைவிட மோசம். குட்டைத் துப்பாக்கியில் ஸ்லைடு இலேசானது. அது பின்னால் பாயும் வேகத்தை அடக்க விறைப்பான ஸ்பிரிங் வைப்பார்கள். அந்த ஸ்பிரிங்கை எதிர்த்து இழுத்தால்தான் முதல் தோட்டா உள்ளே ஏறும். சராசரிப் பெண்ணின் பிடிவலு சராசரி ஆணுடையதில் ஏறக்குறைய 60 சதவீதம். மாதவிடாய் நின்ற பிறகு கட்டைவிரலின் அடிமூட்டு தேய்வது பெண்களிடம் அதிகம். அந்த மூட்டோடு ஸ்லைடைக் கிள்ளிப் பிடித்து இழுப்பது கடும் வலி. தளர்வாகப் பிடித்துச் சுட்டாலோ, ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் அடுத்த தோட்டா சிக்கிக்கொள்ளும். ஆபத்து நேரத்தில் கைகொடுக்கும் என்று நம்பி வைத்திருப்பது அப்போதுதான் கைவிடும்.

அப்படியானால் ரிவால்வர் வாங்கலாமே என்பார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1989இல் பெண்களுக்கென்றே லேடிஸ்மித் ரிவால்வர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றும் கடைக்காரர்கள் பெண்களுக்கு முதலில் எடுத்துக் காட்டுவது குட்டி ரிவால்வரைத்தான். ஸ்லைடு இல்லை என்பது உண்மை. ஆனால் சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுக்காமல் சுட, விசைக்கு 5 கிலோ அளவு அழுத்தம் கொடுக்க வேண்டும். இலேசான குட்டி ரிவால்வரின் எடையோ அரைக் கிலோகூட இல்லை. அதை அசையாமல் பிடித்தபடி ஒற்றை விரலால் அவ்வளவு அழுத்தம் கொடுப்பது என் நோயாளிகளில் பலருக்கு நடக்காத காரியம். இதே நிறுவனம் 2018இல் கொண்டுவந்த ஷீல்டு ஈஇசட் சுமார் 525 கிராம். ஸ்லைடு சுலபமாக இழுபடும்படி அமைத்தது. அது நல்ல மாற்றம். ஆனாலும் இன்னாருக்கு இன்னது என்று நானும் சொல்ல முடியாது. பயிற்சிக் கூடங்களில் வாடகைக்குத் துப்பாக்கி கிடைக்கிறது. நடுத்தர அளவு, கனமானது, சிறியது என்று அந்தப் பெண்ணே சுட்டுப் பார்க்கட்டும். ஸ்லைடைக் கிள்ளாமல் முழுக் கையால் மேலிருந்து பற்றிக்கொண்டு, மறு கையால் பிடியை முன்னே தள்ளக் கற்றுக்கொடுங்கள். பாதிப் பேருடைய சிரமம் அதிலேயே தீரும். கடைக்காரர் கணவரின் முகத்தைப் பார்த்தே பேசினால் கணவர் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும்.

இவ்வளவும் அவள் கேட்டிருந்தால்தான். கேட்காதவளுக்குத் துப்பாக்கியைப் பரிசாகக் கொடுப்பதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன்.

2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் என்ற சிற்றூரில், பல்பொருள் அங்காடியின் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த 2 வயதுக் குழந்தை தாயின் கைப்பையைத் திறந்து துப்பாக்கியை எடுத்துச் சுட்டது. தாய் அங்கேயே இறந்தார். வயது 29. துப்பாக்கி வைக்கவென்றே தனி அறையோடு தைத்த கைப்பை அது. கணவர் கிறிஸ்துமஸுக்கு ஆசையாகத் தந்தது. அந்தப் பெண் துப்பாக்கியோடு வளர்ந்தவர், நன்றாகப் பழகியவர். அப்படிப்பட்டவருக்கே இது நேர்ந்தது. கைப்பையில் துப்பாக்கி வைக்கும் யோசனையையே விட்டுவிடுங்கள் என்று பிள்ளை பெற்ற ஒவ்வொருத்தியிடமும் சொல்லி வருகிறேன்.

கலிபோர்னியாவில் ஒரு கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட முடிவு இன்னும் கனமானது. தன்னிடம் துப்பாக்கி இல்லாமல், கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர், தன் துணையின் கையால் சுட்டுக் கொல்லப்படும் வாய்ப்பு, துப்பாக்கியே இல்லாத வீட்டில் இருப்பவரைவிட 7 மடங்குக்கும் மேல். அப்படி இறந்தவர்களில் 84 சதவீதம் பெண்கள். குடும்ப வன்முறைக்காகத் தடையாணை விதிக்கப்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் 8க்கு 1 என்று உறுதி செய்ததும் ஒரு டெக்சஸ் வழக்கில்தான். வெளியிலிருந்து வரப்போகும் திருடனைப் பற்றியே பேசுகிற வீடுகளில் இந்தக் கணக்கையும் பேச வேண்டும். மனைவி வேண்டாம் என்றால் அதோடு அந்தப் பேச்சு முடிய வேண்டும். வேண்டும் என்றால், விரல் ரேகையோ எண்ணோ போட்டுத் திறக்கும் பெட்டகம் முதலில் வரட்டும், துப்பாக்கி பிறகு வரட்டும். அவளுடைய துப்பாக்கி இருக்கும் பெட்டகத்தின் எண் அவளுக்கு மட்டும் தெரிந்தால் போதும். கணவருக்குக்கூடச் சொல்லாதே என்று நான் சொல்வதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஒன்று. எச்-1பி, எச்-4, மாணவர் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். 15 ஆண்டு வரை சிறை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அவை இல்லாமல் நண்பரோடு பயிற்சிக் கூடத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியால் விளையாட்டாகச் சுடுவதும் இந்தத் தடைக்குள் வரும். படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புகிற இளைஞர்கள் பலருக்கு இது தெரியவில்லை. பச்சை அட்டை வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

நம் தமிழ்ச் சங்கங்கள் வருமான வரி பற்றியும் விசா பற்றியும் கூட்டம் போடுகின்றன. அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: ஒரு வழக்கறிஞர், ஒரு பயிற்றுநர், பெட்டகம் விற்கும் ஒருவர் வந்து பேச வேண்டும். அதில் அரை மணி நேரமாவது கணவர்கள் இல்லாமல், பெண்கள் மட்டும் உட்கார்ந்து கேள்வி கேட்க இடம் வேண்டும்.