தலைவலியா, அபாய மணியா?

பெரும்பாலான தலைவலிகள் மாத்திரையிலோ தூக்கத்திலோ அடங்கிவிடும். அடங்காத சிலவற்றை அடையாளம் காணத் திருவனந்தபுரம் ஒரு பாடம்.

காய்ச்சலும் தலைவலியுமாகத்தான் அது தொடங்கியது. 2024 ஜூலையில் திருவனந்தபுரத்தை அடுத்த நெய்யாற்றின்கரைப் பகுதியில் ஓர் இளைஞர் இறந்தார். அவர் குளித்த அதே குளத்தில் குளித்த நண்பர்களும் அடுத்த சில நாட்களில் படுத்தார்கள். அமீபா கிருமியால் ஏற்படும் மூளைக்காய்ச்சல் என்று சோதனையில் உறுதியாயிற்று. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நோயாளிகளில் பலர் பிழைத்து வீடு திரும்பினார்கள். மருத்துவ உலகம் அதிகம் எதிர்பார்க்காத சேதி அது.

காரணம், இந்த நோயின் பயங்கரம். நெக்லேரியா ஃபௌலெரி என்ற அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்கிறது. குடிக்கும் நீரில் வயிற்றுக்குள் போனால் ஆபத்தில்லை. குதித்துக் குளிக்கும்போது மூக்கில் நீர் ஏறினால்தான் வினை. முகர்வு நரம்பின் வழியே அது மூளைக்கு ஏறிவிடுகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. ஆனால் உலக அளவில் இதற்கு ஆளானவர்களில் சுமார் 97 சதவீதம் பேர் மாண்டிருக்கிறார்கள்.

கேரளத்தில் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்டது 2016-ல், ஆலப்புழையில். 2024 ஜூலையில் கோழிக்கோடு மாவட்டத்துச் சிறுவன் ஒருவன் பிழைத்தபோது நாடே கவனித்தது. அதே மாதம் மாநில அரசு தனி சிகிச்சை வழிமுறைகளை வெளியிட்டது. அந்த ஆண்டு கேரளத்தில் பாதிக்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் சுமார் கால்வாசிதான் என்று அரசு கணக்குச் சொன்னது. மெதுவாகத் தாக்கும் வேறு வகை அமீபாக்களும் இந்தக் கணக்கில் அடக்கம். காலா அசார் நோய்க்குத் தரப்படும் மில்டெஃபோசின் என்ற மருந்தும் இதில் கை கொடுத்தது. ஆனால் மருந்தைவிட முக்கியமானது நேரம். முதுகுத்தண்டு நீரை எடுத்த கையோடு நுண்ணோக்கியில் பார்த்தால் உயிருள்ள அமீபா நெளிவது தெரியும். அப்படிப் பார்க்க வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்ற வேண்டுமே! நோயாளி குளத்தில் குளித்ததைச் சொன்னால்தான் தோன்றும்.

2025-ல் கேரளத்தில் நோயாளிகள் எண்ணிக்கை கூடியது. அந்த ஆண்டு நவம்பரில் சபரிமலை சீசன் தொடங்கியபோது, ஆற்றில் குளிக்கும்போது மூக்கில் நீர் ஏறாமல் பார்த்துக்கொள்ளும்படி பக்தர்களை அரசு எச்சரித்தது. தமிழகத்திலிருந்து மாலை போட்டுச் செல்பவர்களுக்கும் இது பொருந்தும். மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்குவதும், அடிச்சேற்றைக் கலக்காமல் இருப்பதும் எளிய தற்காப்பு. மூக்கைக் கழுவுகிறவர்கள் காய்ச்சி ஆறவைத்த நீரையே பயன்படுத்த வேண்டும். குளித்து இரண்டு வாரங்களுக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது.

அமீபா அபூர்வம். அலட்சியம் செய்யக் கூடாத மற்ற தலைவலிகள் அவ்வளவு அபூர்வமல்ல. இடி விழுந்தாற்போல ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் வலி முதல் வகை. மூளையைச் சுற்றியுள்ள ரத்தக் குழாயில் வீங்கிய இடம் வெடித்திருக்கலாம். முதல் 6 மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. ஸ்கேன் இந்தக் கசிவை அநேகமாகக் காட்டிக்கொடுத்துவிடும். தாமதித்தால் ஸ்கேனின் பார்வைக்கே அது தப்பலாம்.

பிரசவமான சில வாரங்களில் பெண்ணுக்குத் தலைவலி விடாமல் நீடித்தால், தூக்கமின்மை என்று வீட்டார் சமாதானம் சொல்லிக்கொள்வது வழக்கம். மூளையிலிருந்து ரத்தம் வடியும் சிரையில் அடைப்பு ஏற்பட்டிருக்கலாம். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் இது வரக்கூடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை உரிய நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள்.

குளியலறையில் வழுக்கி விழுந்த முதியவருக்குச் சில வாரம் கழித்துத் தலைவலியும் தடுமாற்றமும் வந்தால் மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 50 வயதுக்கு மேல் புதிதாக நெற்றிப்பொட்டில் வலியும் மெல்லும்போது தாடை வலியும் சேர்ந்தால் கண் பார்வையே பறிபோகக்கூடும். காலையில் வாந்தியோடு வரும் வலி, இருமினால் கூடும் வலி, கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது, வலிப்பு இவையெல்லாம் உடனே டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள்.

இதைப் படித்ததும் ஒவ்வொரு தலைவலிக்கும் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டியதில்லை. வருடக்கணக்காக ஒரே மாதிரி வந்து போகும் ஒற்றைத் தலைவலி படுத்தி எடுக்குமே தவிர உயிரை வாங்காது. அதன் குணம் திடீரென மாறினால்தான் கவலை. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வலி மாத்திரை விழுங்குகிறவர்களுக்கு அந்த மாத்திரையே தலைவலியை வரவழைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும், அதே வளாகத்தில் மூளை, இதய நோய்களுக்குப் பேர்போன ஸ்ரீசித்திரைத் திருநாள் கழகத்துக்கும் கன்னியாகுமரி, நெல்லைப் பக்கத்திலிருந்து நோயாளிகள் வருவது புதிதல்ல. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நான்கு விஷயங்களைத் தயாராக வைத்திருப்பது நல்லது: வலி எந்த நிமிடம் தொடங்கியது, முன்பு வந்த வலியிலிருந்து எப்படி வேறுபடுகிறது, என்னென்ன மாத்திரை சாப்பிட்டார், கடைசியாக எங்கே குளித்தார். ஸ்கேன் இயந்திரத்துக்குத் தெரியாத இந்த விவரங்கள் வீட்டாருக்குத் தெரியும்.