பாட்டின் வாலை நறுக்காதீர்கள்

நேற்றிரவு ஒரு பண்பலையில் பழைய பாட்டு. கடைசியில் புல்லாங்குழல் மெல்லத் தேய்ந்து அடங்கும், அதற்காகவே காத்திருந்தேன். அதன் மேலேயே நகைக்கடை விளம்பரம் ஏறி மிதித்தது!

போன் போட்டுக் கேட்டால், "கம்ப்யூட்டர் செய்யுது சார்" என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் 4 விநாடி கிராஸ்ஃபேட் என்று அதில் எழுதி வைத்தது யாராம்? பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே 2 விநாடி வைக்கலாம், விளம்பரத்துக்கு முன்னால் பூஜ்யம் வைக்கலாம், ஒவ்வொரு பாட்டுக்கும் தனியாக முடிவுக்குறி போடலாம். எல்லாம் அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. உட்கார்ந்து பாட்டைக் கடைசிவரை கேட்கத்தான் ஆளில்லை.

நாங்கள் ஃபேடரில் விரலை வைத்தபடி கடைசிச் சுரம் அடங்கக் காத்திருப்போம். (ஒருநாள் நான் கண்ணயர்ந்ததும் உண்டு. அது வேறு கதை.) பாட்டின் வால் விளம்பரத்தின் தலையை மூடியிருந்தால் மறுநாளே சரிசெய்திருப்பார்கள்.