60 நாள் கணக்கை மறவாதீர்!

தோட்டம் கைமாறுகிறது என்ற செய்தி லயத்துக்கு வந்ததும் நம்மவர்கள் கேட்பது இரண்டே கேள்விகள்: "நட்டஈடு எவ்வளவு? வீடு கிடைக்குமா?" நியாயமான கேள்விகள்தாம். ஆனால், அடுத்த வேலைக்கு வழி என்ன என்று கேட்பவர் குறைவு.

தொழிலாளத் தோழர்களே! 2018 முதல் வேலைக் காப்புறுதித் திட்டத்துக்காக நம் சம்பளத்தில் 0.2 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். பணம் சொக்சோவிடம் இருக்கிறது. ஆட்குறைப்பினாலோ தோட்டம் மூடப்பட்டதாலோ வேலை போனால், தகுதியுள்ளவருக்கு வேலை தேடும் காலத்தில் உதவித்தொகை, ஆலோசனை, தொழிற்பயிற்சி எல்லாம் உண்டு. இது யாரும் போடும் பிச்சை அல்ல; நாம் கட்டிய சந்தா!

இதில் இரண்டு விஷயங்களில் ஏமாந்துவிடக் கூடாது. வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். "தீபாவளி கழியட்டும், பார்ப்போம்" என்று இருந்தால் கதை முடிந்தது. அடுத்து, சொந்த விருப்பத்தில் விலகியவருக்கு இந்த உதவி கிடையாது. ஆகவே, ஆபீசில் "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்று தாளை நீட்டினால், அது ஆட்குறைப்புக் கடிதமா, ராஜினாமாக் கடிதமா என்று கேளுங்கள். படித்த பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். புரியாத தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்!

"எனக்கு என்னங்க தெரியும்?" என்கிறார்கள். இருபது வருஷம் டிராக்டர் பழுது பார்த்தவருக்குத் தொழில் தெரியாதா? தொழில் தெரியும், சர்டிபிகேட்தான் இல்லை. பயிற்சிக் கழகத்தில் படிக்காதவரும், செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி மதிப்பீட்டில் தேறினால், மலேசியத் திறன் சான்றிதழ் பெறலாம். 'பி.பி.தி.' என்பது அந்த வழியின் பெயர். மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறையில் விசாரியுங்கள்.

இவ்வளவு இருந்தும் ஏன் எட்டவில்லை? பாரம் மலாயில் இருக்கிறது. மனு கணினியில் போக வேண்டியிருக்கிறது. இங்கேதான் சமூகம் கைகொடுக்க வேண்டும். 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டங்களையே வாங்கியவர்கள் நம் மக்கள். வாரத்தில் ஒரு மாலைப் பொழுதைக் கொடுக்க நம்மால் முடியாதா? கோயில் மண்டபம், ஒரு கணினி, படித்த பிள்ளைகள் இருவர் போதும். பாரம் நிரப்பலாம், தன்விவரம் எழுதித் தரலாம், நேர்முகத் தேர்வுக்குப் பேசிப் பழக்கலாம். திருவிழாவுக்குக் கமிட்டி போடத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியமா?

சங்கக் கிளைகள் இதை முன்னின்று நடத்த வேண்டும். நோட்டீஸ் ஒட்டிய பிறகு ஓடி அலைவதைவிட, இந்த மாதக் கூட்டத்திலேயே பேசி ஆளை நியமியுங்கள். 60 நாள் கணக்கைப் பெரட்டுக்கு வரும் ஒவ்வொருவர் காதிலும் போடுங்கள்!