துரோகி யார்?

கார்லோஸ் பூஸர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அமெரிக்கக் கூடைப்பந்து பார்க்கிறவராக இல்லாவிட்டால் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பரவாயில்லை. 2004 ஜூலையில் கிளீவ்லேண்ட் நகரத்தில் அந்தப் பெயருக்கு ஒரே அர்த்தம்தான்: துரோகி. 'கண் தெரியாத ஒரு மனுஷனை ஏமாற்றிவிட்டு ஓடினவன்' என்று திட்டித் தீர்த்தார்கள். அப்போது அவருக்கு வயது 22.

எனக்கு இந்தக் கதையில் கோபம் வருவது வேறு ஆட்கள் மேல்.

2002-ல் கல்லூரி ஆட்டக்காரர்களை என்.பி.ஏ. அணிகள் வரிசை போட்டுப் பொறுக்கி எடுத்தபோது, இரண்டாவது சுற்றில்தான் பூஸரைக் கிளீவ்லேண்ட் எடுத்தது. (எந்த ஊர் உனக்குப் பிடிக்கும் தம்பி என்று அங்கே யாரும் கேட்பதில்லை.) இரண்டாவது சுற்று என்றால் அடிமாட்டுச் சம்பளம் என்று அர்த்தம். பையன் பிரமாதமாக ஆடினார். 2003-04 சீசனில் ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 15.5 புள்ளி, 11.4 ரீபவுண்ட். மூன்றாவது வருஷமும் சுமார் ஏழு லட்சம் டாலருக்கே அவரை வைத்துக்கொள்ளும் உரிமை கிளப்பிடம் இருந்தது. அதை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

ஆஹா, என்ன தாராள மனசு என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

அந்த லீகில் ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 1984-85-ல் 36 லட்சம் டாலரில் ஆரம்பித்தது, 2024-25-ல் 14 கோடியைத் தாண்டியது. வெளி ஆளை வாங்க வேண்டுமானால் இந்தக் கோட்டுக்குள் இடம் இருக்க வேண்டும். ஆனால் சொந்த ஆட்டக்காரரைத் தக்கவைத்துக்கொள்ள மட்டும் கோட்டைத் தாண்டலாம். பாஸ்டனின் லாரி பேர்ட் பெயரால் இதற்கு 'பேர்ட் உரிமை' என்று பெயர். பேர் என்னவோ பறவை. விதி என்னவோ கூண்டு. மூன்று வருஷம் ஒரே அணியில் இருந்தால் முழு உரிமை. இரண்டு வருஷம் என்றால் அரைகுறை; லீகின் சராசரிச் சம்பளத்தை ஒட்டித்தான் கொடுக்க முடியும்.

இந்த 'உரிமை' யாருடையது என்று கவனித்தீர்களா? பேர் ஆட்டக்காரருடையது. உரிமை கிளப்புடையது. 'அவனுடைய ரைட்ஸ் எங்ககிட்ட இருக்கு' என்று கிளப்காரர்கள் பேசுவார்கள், ஏதோ சினிமா நெகட்டிவ் ரைட்ஸ் மாதிரி.

இன்னொரு சமாசாரம், கட்டுப்பாட்டுடன் கூடிய விடுதலை. (விடுதலையில் என்ன ஐயா கட்டுப்பாடு?) ஒப்பந்தம் முடிந்த இளம் ஆட்டக்காரர் வேறு அணியிடம் விலை பேசலாம். ஆனால் அதே விலையைப் பழைய கிளப் தருகிறேன் என்று சொல்லிவிட்டால், பேசாமல் பழைய வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். நம்ம ஐ.பி.எல். ஏலங்கள் சிலவற்றில் 'ரைட் டு மேட்ச்' அட்டையைத் தூக்கிக் காட்டினார்களே, அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் இது. பழைய கிளப் யோசித்து முடிக்கும்வரை விலை பேசிய அணியின் பணம் முடங்கிக் கிடக்கும். அதனால் பல அணிகள் விலை பேசவே வருவதில்லை.

இப்போது கிளீவ்லேண்டின் கணக்கு புரிகிறதா? அந்த ஏழு லட்சத்துக்கு இன்னொரு வருஷம் ஆடவிட்டால் 2005-ல் பூஸர் முழு விடுதலை பெற்று எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஒரு வருஷம் முன்பே திறந்துவிட்டால் கட்டுப்பாட்டுடன் கூடிய விடுதலைதான். அப்போதே பிடித்து, ஆறு வருஷத்துக்குச் சுமார் நான்கு கோடி டாலரில் கட்டிப்போட்டுவிடலாம். தாராளம் இல்லை சார், வியாபாரம்.

வியாபாரத்தில் யூட்டா ஜாஸ் குறுக்கே வந்தது. ஆறு வருஷத்துக்கு 6 கோடியே 80 லட்சம் டாலர் என்றது. கிளீவ்லேண்டிடம் இருந்ததோ அரைகுறை உரிமை, உச்சவரம்பிலும் இடம் இல்லை. ஈடுகொடுக்க முடியவில்லை. பூஸர் போய்விட்டார்.

உடனே அணியின் உரிமையாளர் கார்டன் கண்ட், ரசிகர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். பையனை நம்பினேன், நம்பிக்கையைக் காப்பாற்றவில்லை என்று. கண்ட் பார்வை இழந்தவர் என்பதால் ஊரின் கோபம் இரட்டிப்பானது.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. பூஸர் வாக்குக் கொடுத்தாரா? இல்லவே இல்லை என்றார் பூஸர். கொடுத்தார் என்று கிளப் அழுத்திச் சொல்லவும் முடியாது. ஏனென்றால் அப்படி முன்கூட்டியே ரகசியமாகப் பேசிவைப்பது விதிப்படி குற்றம். உச்சவரம்பு என்றாலே கூடவே பினாமியும் வருவார் என்பது நமக்குத் தெரியாததா? மின்னசோட்டா அணி ஜோ ஸ்மித்தோடு இப்படித்தான் ரகசியமாக எழுதிவைத்தது. மூன்று வருஷம் குறைந்த சம்பளத்துக்கு ஆடு, பேர்ட் உரிமை முழுசாக வந்ததும் மொத்தமாக அள்ளித் தருகிறோம் என்று. 2000-ல் மாட்டிக்கொண்டார்கள். 35 லட்சம் டாலர் அபராதம், ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகள் பறிப்பு (இரண்டு பிற்பாடு திரும்பக் கிடைத்தன).

ஆக, வாக்கு இருந்தது என்றால் கிளப்பும் கூட்டுக் களவாணி. இல்லை என்றால் துரோகமே இல்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். இரண்டையும் விட்டுவிட்டு 'நம்பினேன்' என்று கண்ணீர் விட்டால் எப்படி?

பூஸருக்கு உத்தமர் பட்டம் கொடுக்கச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துச் சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருந்தால் அது அழகில்லைதான். உச்சவரம்பே அநியாயம் என்றும் சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும் எல்லோரையும் வளைத்துப்போடும், சான் அன்டோனியோ மாதிரி ஊர்கள் வேடிக்கைதான் பார்க்கும். ஆட்டக்காரர் சங்கமும் கையெழுத்துப் போட்ட விதிதான் இது. 1970-ல் ஆஸ்கர் ராபர்ட்சன் கோர்ட்டுக்குப் போய் 1976-ல் சமரசம் ஆகும்வரை, ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப்பின் பிடி விடாது. அதைவிட இது எவ்வளவோ மேல்.

கோடி கோடியாய் வாங்குகிறவனுக்கு நீ ஏன்யா வக்காலத்து வாங்குகிறாய் என்கிறீர்களா? பணத்துக்காக இல்லை. விசுவாசம் என்ற வார்த்தை ஒரு பக்கம் மட்டுமே செலவாகிறதே, அதற்காக. 2017 ஏப்ரலில் பாஸ்டனின் ஐசையா தாமஸ், தங்கை விபத்தில் இறந்த மறுநாளே அணிக்காகக் களத்தில் இறங்கினார். ஆகஸ்டில் அவரைக் கிளீவ்லேண்டுக்கு மாற்றிக்கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பெயர் துரோகம் இல்லையாம், 'டிரேட்'.

பூஸருக்கு முன்பே, 2003-ல், கில்பர்ட் அரீனாஸ் என்ற இன்னொரு இரண்டாம் சுற்றுப் பையனும் கோல்டன் ஸ்டேட் அணியை விட்டு இதே ஓட்டை வழியாக வாஷிங்டனுக்குப் போயிருந்தார். 2005 ஒப்பந்தத்தில் ஓட்டையை அடைத்தார்கள். எப்படி? பழைய கிளப் கூடுதலாகக் கொடுக்க வழி செய்து அல்ல; இப்படிப்பட்ட பையனுக்கு வெளி அணி முதல் வருஷம் தரக்கூடிய தொகைக்கே வரம்பு போட்டு. அந்த விதிக்கும் ஆட்டக்காரர் பெயர்தான், 'அரீனாஸ் விதி'.

பூஸர் யூட்டா சட்டையில் கிளீவ்லேண்டுக்கு வந்தபோதெல்லாம் அரங்கமே கூச்சல் போட்டது. நம்பிக்கையைப் பற்றிக் கடிதம் எழுதிய கண்ட், 2005-ல் அணியை டான் கில்பர்ட்டுக்கு விற்றார். விலை சுமார் 37 கோடியே 50 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின.