ரஜாக்கர்கள் யாருடைய படை?

2021 சட்டமன்றத் தேர்தலில் ஒவைசியின் மஜ்லிஸ் கட்சி, அ.ம.மு.க. கூட்டணியில் சேர்ந்து, மாதனூருக்கு அருகேயுள்ள வாணியம்பாடித் தொகுதியில் போட்டியிட்டது. அந்தக் கட்சியின் பெயரை எடுத்தாலே ‘ரஜாக்கர் வாரிசு’ என்று ஏசுவது பி.ஜே.பி. தலைவர்களின் வழக்கம். ரஜாக்கர்கள் யார் என்பதை நம் தோல் தொழிலாளிகளுக்குச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. தெலங்கானாவில் அவர்களை எதிர்த்து ஆயுதமேந்தி நின்றவர்கள் கம்யூனிஸ்டுகளே!

மஜ்லிஸ் 1927-ல் ஹைதராபாத்தில் தோன்றியது. 1946-ல் லாத்தூர் வக்கீல் காசிம் ரஜ்வி அதன் தலைவரானார். அதன் தொண்டர் படையான ரஜாக்கர், அவர் காலத்தில் கிராமங்களைக் கொளுத்தும் ஆயுதப்படையாக வளர்ந்தது. வாயில் மார்க்கத்தின் பெயர். காவல் காத்ததோ நிஜாமின் சிம்மாசனத்தை!

நிஜாமை மட்டுமா? விசுனூர் தேஷ்முக் ராமச்சந்திர ரெட்டி சுமார் 40,000 ஏக்கருக்கு எஜமான், இந்து. விவசாயிகள் சங்கம் வைத்து நிலம் கேட்டபோது, இத்தகைய நிலப்பிரபுக்கள் ரஜாக்கர்களோடு கை கோத்துக்கொண்டார்கள். மதம் குறுக்கே நிற்கவில்லை. இதே விசுனூர்க் கூட்டம்தான், ரஜாக்கர்கள் தலையெடுக்கும் முன்பே, தன் நிலத்துக்காகக் கோர்ட்டில் போராடிய ஏழை முஸ்லிம் விவசாயி பந்தகியை வெட்டிக் கொன்றது. ரஜாக்கர்களைக் கண்டித்து எழுதியதற்காக 1948 ஆகஸ்டில் கொல்லப்பட்ட பத்திரிகையாசிரியர் ஷோயபுல்லாகானும் முஸ்லிம்தான். தெலங்கானாப் போராட்டத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவரான கவிஞர் மக்தூம் மொகைதீனும் முஸ்லிம்தான்.

1948 செப்டம்பர் 13-ல் இந்திய ராணுவம் நுழைந்தது. 17-ல் நிஜாம் பணிந்தார். பிறகு நடந்ததைப் பாருங்கள்! ரஜாக்கர்களை வளரவிட்ட நிஜாமே அவர்களைத் தடை செய்தார். 1950-ல் ராஜப்பிரமுகராகப் பதவியேற்றார். கிராமத்தை விட்டு ஓடிய தேஷ்முக்குகள் கதர்க் குல்லாயோடு ராணுவத்தின் பின்னால் திரும்பிவந்து, விவசாயிகள் உழுத நிலத்தைப் பறித்தார்கள். ரஜ்வி 1957-ல் சிறையிலிருந்து விடுதலையாகிப் பாகிஸ்தான் போய்ச் சேர்ந்தார். மஜ்லிஸ், அப்துல் வாஹித் ஒவைசியின் கைக்கு மாறி, இந்திய அரசியல் சட்டத்தை ஏற்றுத் தேர்தலுக்கு வந்தது.

போக வழியில்லாத சாதாரண முஸ்லிம்கள்தான் மாண்டார்கள். நேரு அனுப்பிய சுந்தர்லால் குழு, ராணுவ நடவடிக்கையின்போதும் அதன் பின்னும் 27,000 முதல் 40,000 பேர் வரை இறந்ததாகக் கணக்கிட்டது. அந்த அறிக்கையை சர்க்கார் பல்லாண்டுகள் வெளியிடவே இல்லை. அதே ராணுவம் அடுத்துக் கம்யூனிஸ்டுகள் மீது பாய்ந்தது. 1951 வரை வேட்டை நீடித்தது.

2022 முதல் மத்திய சர்க்கார் செப்டம்பர் 17-ஐ ‘விடுதலை நாள்’ என்று கொண்டாடுகிறது. அந்த மேடையில் ரஜாக்கர்களின் கொடுமை உண்டு. தேஷ்முக்குகளின் கொடுமை இல்லை. பந்தகியின் பெயர் எப்படி வரும்?

மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஆலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் முஸ்லிம், தலித், கிறிஸ்தவத் தொழிலாளிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றே வேலை செய்கிறார்கள். ஓட்டுக் கேட்டு வருவது மஜ்லிஸாகட்டும், பி.ஜே.பி.யாகட்டும், ஒன்றே கேட்போம்: குறைந்தபட்சக் கூலிக்கும் பி.எஃப்.புக்கும் நாங்கள் கேட்டில் நிற்கும் நாளில், ஐயா, நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள்?