521 சோடிச் சப்பாத்து

2023 செப்டெம்பரில் எத்தியோப்பியாவின் டிக்ஸ்ட் அசெஃபா பேர்லின் மரதனை 2:11:53 இல் ஓடி முடித்தார். பெண்களுக்கான பழைய உலக சாதனையை விட இரண்டு நிமிடத்துக்கும் மேல் குறைவு. ஓடி முடிந்த கையோடு காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றி எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். அந்தச் சப்பாத்தைப் பற்றித்தான் நாங்கள் கதைக்கப் போறம். அடிடாஸ் செய்தது. ஒன்றின் நிறை 138 கிராம், சோடி 500 டொலர். எங்கட காசுக்கு ஒன்றரை இலட்சம் அளவில் வரும்.

அசெஃபாவின் ஓட்டத்தைக் குறைச்சுச் சொல்ல நாங்கள் வரேல்ல. சப்பாத்து தானாக ஓடாது. ஆனால் அது ஒன்றும் செய்யாது எண்டு சொல்றதும் பொய். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் நிலம் எங்களை உடல் நிறையின் இரண்டு மூன்று மடங்கு விசையோடு திருப்பித் தள்ளும். அந்தக் கணத்தில் சப்பாத்தின் அடிப்பஞ்சு நசுங்கி, பிறகு விரியும். நசுக்கக் கொடுத்த சக்தியில் எவ்வளவு திரும்பி வருது என்பதில்தான் விசயம் கிடக்கு. மிச்சம் வெப்பமாகப் போயிரும்.

2017 இல் வெளிவந்த கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இதை அளந்தது. நைக்கியின் வேப்பர்ஃபிளை முன்மாதிரி 87% ஐத் திருப்பித் தந்தது. அதுவரை இருந்த ஒரு பந்தயச் சப்பாத்து தந்தது 65.5%. அதாவது புதுச் சப்பாத்து புதிதாகச் சக்தி எதையும் தரேல்ல, நாங்கள் கொடுத்ததைக் குறைவாக வீணாக்குது. அதைப் போட்டு ஓடினவர்களின் சக்திச் செலவு சராசரியாக 4% குறைந்தது. சராசரி எண்ட சொல்லைக் கவனியுங்கோ. சிலருக்கு 2% அளவில்தான் குறைந்தது, சிலருக்கு 6% வரை. ஒரே சப்பாத்து எல்லாக் காலுக்கும் ஒரே உதவி செய்யேல்ல.

விளம்பரங்களில் பெரிதாகக் காட்டுறது உள்ளே கிடக்கும் காபன் தகட்டை. பிறகு நடந்த ஓர் ஆய்வில் அந்தத் தகட்டைக் குறுக்காக வெட்டிவிட்டு ஓடவைத்துப் பார்த்தார்கள். சேமிப்பு பெரிதாகக் குறையேல்ல. வேலை செய்தது பெரும்பாலும் பஞ்சுதான், பெயர் வாங்கினது தகடு.

உலக தடகள அமைப்பு 2020 இல் விதி கொண்டு வந்தது. வீதி ஓட்டச் சப்பாத்தின் அடி 40 மில்லிமீற்றருக்கு மேல் தடிக்கக் கூடாது, ஒரு தகடு மட்டும்தான், சந்தையில் விற்பனைக்கு வந்திருக்க வேணும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் எங்களுக்குப் பிரச்சினை. அசெஃபா போட்ட சப்பாத்து விற்பனைக்கு வந்ததுதான். முதலில் எத்தனை சோடி? 521. முழு உலகத்துக்கும். அதுவும் ஒரு மரதனும் கொஞ்சப் பயிற்சியும் ஓடத்தான் செய்தது எண்டு கொம்பனியே சொன்னது. கடையில் இருக்கு என்பதும் எல்லாருக்கும் கிடைக்கும் என்பதும் ஒன்றா?

இதைக் கதைச்சால் உடனே யாராவது அபேபே பிகிலாவைக் கொண்டு வருவினம். 1960 இல் ரோமில் வெறுங்காலோடு ஓடி 2:15:16 இல் தங்கம் வென்றவர். உண்மை. நான்கு வருடம் கழித்து டோக்கியோவில் அவரே சப்பாத்துப் போட்டு 2:12:11 இல் வென்றார். இந்த இரண்டாவது பாதியை யாரும் ஷெயார் பண்ணுறதில்லை. எங்கட பக்கமும் இதே கதைதான். இல்ல மெய்வல்லுநர் போட்டியில் வெறுங்காலோடு ஓடின பிள்ளை முதலாவது வந்தால் படம் எடுத்து ‘வறுமையிலும் சாதனை’ எண்டு போடுவம். அதே பிள்ளை மாகாணப் போட்டிக்குப் போய், செயற்கை ஓடுபாதையில் ஸ்பைக்ஸ் போட்ட பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கும்போது எங்களில் ஒருவரும் அங்க இல்லை. பிடிமானம் இல்லாமல் கால் வழுக்கினால் அதற்குப் பெயர் ‘திறமை போதாது’.

தொழில்நுட்பத்தைத் தடை செய்யச் சொல்லி நாங்கள் கேக்கேல்ல. பஞ்சு முழங்காலுக்கு இதமெண்டால் நல்லதுதானே. கேக்கிறது வேற. 1984 இல் ஊவே ஹோன் ஈட்டியை 104.80 மீற்றர் எறிந்தார். 1986 இல் ஆண்கள் ஈட்டியின் புவியீர்ப்பு மையத்தையே முன்னுக்கு நகர்த்தி, ஈட்டி கிட்ட விழுகிற மாதிரி மாற்றினார்கள். விளையாட்டு அதனால் செத்துப் போகேல்ல. சப்பாத்தில் மட்டும் தடிப்பை அளந்துவிட்டு, பஞ்சு எவ்வளவு சக்தியைத் திருப்பித் தருது எண்டதை ஏன் விட்டுவைக்கினம்? 40 மில்லிமீற்றருக்குள் இன்னும் நல்ல பஞ்சு, இன்னும் கூடின விலை எண்டு போய்க்கொண்டே இருக்கலாம். 87% எண்டு அளக்கத் தெரிந்த உலகம் இது. எத்தனை வீதத்தில் கோடு போடுறது எண்டதைக் கொம்பனிகள் இல்லாத ஒரு மேசையில் இருந்து கதைக்கட்டும். அந்த மேசையில் 521 சோடியில் ஒன்றும் கிடைக்காத நாடுகளின் ஓட்டக்காரரும் இருக்கட்டும்.